பக்கத்து வாங்கில் ஓர் ஆசிரியை

நூற்றாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தின் செயற்குழு கேட்டபோது, நாமும் வழமையான முறையிலேயே தொடங்கினோம். அதிபர்களின் வரிசை, கட்டடங்கள் திறக்கப்பட்ட ஆண்டுகள், பரீட்சைப் பெறுபேறுகள், விளையாட்டு விழாக்கள் என்று குறிப்புகள் சேர்ந்தன. அவை யாவும் இம்மலரின் ஏனைய பக்கங்களில் ஒழுங்காக இடம்பெற்றுள்ளன. ஆனால் அவற்றையெல்லாம் வாசித்து முடித்தபின்னும் ஒரு விடயம் எமக்குத் தெரியவில்லை. கதவு சாத்தப்பட்ட பிறகு வகுப்பறைக்குள் என்ன நடந்தது? நாம் எப்படிப் படித்தோம்?

ஆகவே வத்தேகமவிலும் கொழும்பிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் டொரொன்டோவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவியரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டோம்: "உங்களுக்கு வாசிக்கக் கற்றுத் தந்தவர் யார்?" ஆசிரியைகளின் பெயர்கள் வரும் என்றே எதிர்பார்த்தோம். வந்தன. ஆனால் அவற்றோடு, சில வேளை அவற்றுக்கு முன்னதாகவே, வேறொரு விடை வந்தது. "ஐந்தாம் வகுப்பு அக்கா ஒருவர்." "மேல்லயத்து அக்கா." "எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை." எண்பது வயதைக் கடந்தவரும் அப்படிச் சொன்னார், முப்பது வயதுக்காரியும் அப்படிச் சொன்னார். இந்தக் கட்டுரை அந்த விடையைப் பின்தொடர்ந்து எழுதப்பட்டது.

மணலில் எழுதிய காலம்

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை 1880இல் திறக்கப்பட்டது. அந்தப் பாதையில் அமைந்த வத்தேகம, பன்விலை, மடுல்கலை, நக்கிள்ஸ் மலைச்சரிவுத் தோட்டங்களுக்கெல்லாம் கடைத்தெருவாகியது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. பள்ளத்தாக்குப் பக்கம் கொக்கோவும் இறப்பரும் வளர்ந்தன. லயங்களில் பிள்ளைகளும் வளர்ந்தார்கள். அவர்களுக்குக் கல்வி கொடுப்பது யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு அரசு நெடுங்காலம் நேரான விடை சொல்லவில்லை. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் அதைத் தொட்டது; 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், 6 வயதுக்கும் 10 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று கூறியது.

சட்டம் வந்ததும் பள்ளிக்கூடம் வந்துவிடவில்லை. வந்த இடங்களிலும் அது பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர் என்ற அளவிலேயே இருந்தது. காலையில் பெரட்டு முடிந்து பெற்றோர் மலைக்குப் போனபின், கைக்குழந்தை பிள்ளைக் காம்பராவுக்கும் சற்றுப் பெரியது பள்ளிக்கூடத்துக்கும் போகும். ஐந்து வயதுப் பிள்ளையும் பத்து வயதுப் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். சிலேட்டு எல்லோரிடமும் இருக்காது. மணலைப் பரப்பி விரலால் 'அ'னா எழுதுவதே முதற்பாடம்.

இந்த மணல் எழுத்துக்கு உலக வரலாற்றில் ஓர் இடம் உண்டு என்பதை இக்கட்டுரைக்காகத் தேடியபோதுதான் அறிந்தோம். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்து மதகுரு 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தின் மேற்பார்வையை ஏற்றார். அங்கிருந்த ஆசிரியர்களின் கற்பித்தல் அவருக்குத் திருப்தி தரவில்லை. ஒருநாள் உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் இல்லத்திலும் அப்படிச் செய்யும்படி கேட்டார். ஆசிரியர் அது சரிவராது என்றார். பெல் அந்த வேலையைச் சுமார் எட்டு வயதான ஜோன் ஃபிரிஸ்கன் என்ற மாணவனிடம் ஒப்படைத்தார். அந்தச் சிறுவன் சிறியவர்களுக்கு எழுத்தைக் கற்பித்துக் காட்டினான். பெல் 1797இல் லண்டனில் தமது அனுபவத்தை நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஜோசப் லங்காஸ்டர் என்பவர் லண்டனின் சதர்க் பகுதியில் இதையொத்த முறையில் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிக்கும் இந்த ஏற்பாடு அங்கிருந்து பல நாடுகளுக்கும் பரவியது.

எம்மவருக்கு இது புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை என்றொருவர் இருந்தார். ஆசிரியருக்கு அடுத்தபடி அவரே. சிறுவர்களின் பாடத்தைக் கேட்பதும் எழுத்தைத் திருத்துவதும் அவர் வேலை. எமது ஊர்க் கூரைக் கொட்டகைகளில் நடந்ததும் அதுவே. யாரும் அதற்குப் பெயர் சூட்டவில்லை, அவ்வளவுதான்.

ஒரே மண்டபம், நான்கு வகுப்பு

எமது பாடசாலையின் ஆரம்பப் பிரிவும் நீண்ட காலம் ஒரே மண்டபமாகவே இருந்தது. நான்கு வகுப்புகளுக்கும் இடையே சுவர் இல்லை, கரும்பலகைகளே எல்லை. ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் மற்ற மூன்று வகுப்பும் கேட்கும். பஸாரிலிருந்து வந்த பிள்ளைகள், முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள், தோட்டத்திலிருந்து விடியற்காலையில் நடந்து வந்த பிள்ளைகள் எல்லோரும் அங்கே ஒன்றாக இருந்தோம். ஆசிரியைகள் போதாத ஆண்டுகளே அதிகம். ஒருவர் சுகவீனமானால் இரண்டு வகுப்பு ஒன்றாகும்.

அந்த மண்டபத்தில் நன்றாகக் கற்பித்த ஆசிரியைகளைப் பற்றிப் பலர் எழுதியனுப்பிய குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால், அவர்களின் காலைப்பொழுது கிட்டத்தட்ட ஒரே மாதிரி அமைந்திருந்தது. முதலில் பெரிய வகுப்புக்குக் கரும்பலகையில் எழுத்து வேலை கொடுத்துவிடுவார்கள். பிறகு சிறிய வகுப்பில் புதிய பாடத்தைத் தாமே தொடங்குவார்கள். புதிய எழுத்தை, புதிய கணக்கை, ஒருநாளும் மாணவியிடம் விடமாட்டார்கள். பாடம் ஒரு முறை நன்றாக விளங்கியபின், ஐந்தாம் வகுப்பிலிருந்து நான்கைந்து பேரை அழைத்து, சிறியவர்களோடு இருவர் மூவராக வாங்குகளில் இருத்துவார்கள். அந்த அக்காமார் செய்ய வேண்டியது பயிற்சி மட்டும்: வாசிக்கக் கேட்பது, பிழையைக் காட்டுவது, மீண்டும் வாசிக்கச் சொல்வது.

அக்காமாருக்கும் விதிகள் இருந்தன. விடையைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. முதல் எழுத்தைக் காட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். தலையில் குட்டக் கூடாது. தங்கைக்கு விளங்கவில்லை என்றால் ஒளிக்காமல் டீச்சரிடம் சொல்ல வேண்டும். மணி அடிப்பதற்கு முன் டீச்சர் வந்து ஒவ்வொரு வாங்கிலும் ஒரு பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்வார். எந்தப் பிள்ளை என்று முன்கூட்டியே தெரியாது. சின்னவள் தடுமாறினால் டீச்சர் பார்ப்பது பெரியவளின் முகத்தை. "நீ எப்படிச் சொல்லிக் குடுத்தாய்? எனக்குச் சொல்லிக் காட்டு" என்பார்.

இதில் சிறியவள் அடைந்த நன்மை வெளிப்படை. நாற்பது பேருக்கு நடுவில் இருந்தால் ஒரு காலையில் ஒரு முறைகூட வாய்திறந்து வாசிக்கக் கிடைக்காது. அக்காவின் பக்கத்தில் இருந்தவள் பத்து முறை வாசித்தாள். பிழை அந்த இடத்திலேயே திருத்தப்பட்டது. கேலிக்குப் பயந்து வாய்திறவாத பிள்ளை அக்காவிடம் மெல்லிய குரலில் வாசித்தாள். தோட்டத்துப் பேச்சும் பஸார்ப் பேச்சும் யாழ்ப்பாணத்து ஆசிரியையின் பேச்சும் ஒன்றுக்கொன்று விளங்காமல் நின்ற வேளைகளில், இடையில் நின்று விளக்கியவளும் அந்த அக்காவே.

பெரியவளுக்கும் நன்மை இருந்தது. பின்னக் கணக்கு தமக்கு உண்மையில் விளங்கியது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுத்த நாளில்தான் என்று எங்களில் ஒருவர் எழுதியிருக்கிறார். றொட்டியை எட்டாகப் பிய்த்துக் காட்டினாராம். பாடம் முடிந்ததும் இருவரும் அந்தக் கணக்கைச் சாப்பிட்டுவிட்டார்களாம்.

தோட்டமும் கணக்குக் கொப்பியும்

வகுப்பறைக்கு வெளியே கற்பிக்கும் முறையொன்றும் எமது மாவட்டத்துக்கு வந்தது. 1931இல் நாட்டின் முதலாவது கல்வி அமைச்சரான சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, 1930களின் தொடக்கத்தில் கண்டி மாவட்டத்தின் ஹந்தெஸ்ஸ கிராமத்தில் ஒரு கிராமியக் கல்வித் திட்டத்தைத் தொடங்கினார். பயிர்ச்செய்கை, சுகாதாரம், ஊர் வாழ்க்கை ஆகியவற்றைப் பாடத்தோடு இணைப்பது அதன் நோக்கம். அத்திட்டம் நெடுநாள் நிலைக்கவில்லை. பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது மண்வெட்டியிலிருந்து விடுபடுவதற்காக. அங்கும் மண்வெட்டி கொடுத்தால் யாருக்குப் பிடிக்கும்? எங்கள் தாய்மாரும் அதையே கேட்டார்கள். கொழுந்துக்கூடை சுமப்பவருக்கு மகளின் கையில் மண் ஒட்டுவது பெருமையல்ல.

இருந்தாலும் அந்தச் சிந்தனையின் ஒரு துளி எமது பாடசாலைத் தோட்டத்தில் நின்றது. பாத்தியை அடிக்கோலால் அளந்து பரப்பளவு கண்டோம். போஞ்சி முளைத்த நாளைக் கொப்பியில் குறித்தோம். விளைந்ததைப் பஸார் விலைக்குக் கணக்கிட்டோம். இங்கும் பெரியவளும் சின்னவளும் ஒரே பாத்தியில் நின்றார்கள்.

1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலும் மத்திய மகா வித்தியாலயங்களும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மேலேறும் வழியைத் திறந்தன. தோட்டப் பாடசாலையோ அந்த ஏணிக்கு வெளியே நின்றது. பெரும்பாலான தோட்டங்களில் படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அதன்பின் வத்தேகமவுக்கு நடந்து வந்தவர்கள் சிலரே. அவர்களிலும் பெண் பிள்ளைகள் மிகச் சிலரே. வந்தவர்களில் பலர் பிற்காலத்தில் பன்விலை, மடுல்கலைப் பக்கத் தோட்டப் பாடசாலைகளுக்கே ஆசிரியைகளாகத் திரும்பினார்கள். தனியொருத்தியாக ஐந்து வகுப்புகளை நடத்த அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் மண்டபம் அவர்களுக்கு அதைக் கற்றுத் தந்திருந்தது.

அக்கா செலுத்திய விலை

இவ்வளவையும் பெருமையோடு எழுதிவிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று அப்படி நிறுத்த விடவில்லை. அதை எழுதியவர் தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சுருக்கமாக அவர் சொன்னது இது. அவர் கெட்டிக்காரி. ஆகவே ஆசிரியை வராத நாள்களில் எல்லாம் அவரையே சிறிய வகுப்புக்கு அனுப்பினார்கள். முதலில் ஒரு பாடவேளை, பிறகு அரைநாள், ஒரு தவணையில் பெரும்பாலான நாள்கள். அவருடைய வகுப்பில் நடந்த பாடத்தை யாரும் அவருக்குத் திரும்பச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. டீச்சரின் நாற்காலியில் இருந்த பெருமையில் அது தெரியவில்லை. புலமைப்பரிசில் பரீட்சையில் அவர் சித்தியடையவில்லை. அவர் சொல்லிக் கொடுத்த தங்கைமாரில் இருவர் பின்னர் சித்தியடைந்தார்கள். அவர் அடுத்த ஆண்டு கொழுந்தெடுக்கப் போனார். "எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல. ஆனா அது சரியில்ல" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

அவரைப் போல் வேறு சிலரும் இருந்திருப்பார்கள். 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், ஆண்டு நடுவில் பெயர் வெட்டிக்கொண்டு தலைமன்னார் கப்பலுக்குப் போன குடும்பங்களில் எங்கள் அக்காமாரும் இருந்தார்கள். திங்கட்கிழமை காலை வாங்கில் அந்த இடம் காலியாக இருக்கும். அவர்கள் எந்தப் பரீட்சையும் எழுதாமலே போனார்கள். கோத்தகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடை எழுதியவர்கள் அவர்களே.

இந்த முறையின் குறை இங்கு மட்டும் தெரிந்ததல்ல. பெல், லங்காஸ்டர் வழிப் பாடசாலைகள் பொருள் விளங்காத மனப்பாடத்தில் முடிகின்றன என்ற கண்டனம் இங்கிலாந்திலும் எழுந்தது. 1846இல் அங்கு ஒரு மாற்றம் செய்தார்கள். 13 வயதுக்கு மேற்பட்ட மாணவர்களை ஐந்தாண்டுப் பயிற்சிக்கு எடுத்து, மாணவ ஆசிரியர் என்று பெயரிட்டு, ஆண்டுதோறும் கொடுப்பனவு வழங்கினார்கள். தலைமையாசிரியர் அவர்களுக்குப் பாடசாலை நேரத்துக்கு வெளியே தனியாகப் பாடம் நடத்த வேண்டும். அதற்கு அவருக்கும் பணம் உண்டு. கற்பிக்கும் பிள்ளையின் படிப்புக்கு ஒரு பெரியவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். எங்கள் மண்டபத்தில் நல்ல ஆசிரியைகள் மாலையில் அக்காமாரை நிறுத்தி வைத்துத் தவறிய பாடத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். எல்லோரும் செய்யவில்லை. அதைச் செய்யும்படி எந்த ஏற்பாடும் இருக்கவில்லை.

புதிய பெயர்கள்

அரசு உதவி பெற்ற பாடசாலைகள் 1960, 1961 சட்டங்களின்படி அரசின் கீழ் வந்தன. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்பது 1977இல் தொடங்கிப் படிப்படியாகவே நடந்தது. 1980களில் சுவீடனின் உதவியுடன் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் கிடைத்தன. 1990களின் தொடக்கத்தில் ஜேர்மனியின் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. மலையகப் பிள்ளைகளுக்கு மலையகத்திலேயே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் உருவானார்கள். எமது பழைய மாணவியரில் சிலர் அங்கும் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிலும் பயின்று வந்து, பழைய மண்டபத்தைப் புதிய கண்ணோடு பார்த்தார்கள்.

1999இல் நாடு முழுவதும் முதலாம் தரத்தில் புதிய ஆரம்பக் கல்வித் திட்டம் வந்தது. வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று கற்றல் மூன்றாக வகுக்கப்பட்டது. சிறிய தரங்களில் விளையாட்டு அதிகம். மேலே போகப் போக எழுத்து வேலை அதிகம். ஒவ்வொரு பிள்ளையும் அடைந்தே ஆகவேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் வரையறுக்கப்பட்டன. ஆசிரியர் குறைந்த பாடசாலைகளுக்காகப் பல்தரக் கற்பித்தல் என்ற பயிற்சியும் வந்தது. அந்தப் பயிற்சிக்குப் போன எங்களில் ஒருவர், குழுத் தலைவர், சகபாடி கற்பித்தல் என்ற சொற்களைக் கேட்டதும் சிரித்துவிட்டாராம். "ஐந்தாம் வகுப்பு அக்காவுக்கு இப்போது பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள்" என்றாராம்.

பாக்குநீரிணைக்கு அப்பாலும் இதே தேடல் நடந்தது. ஆந்திராவின் ரிஷிவேலியில், கிராமத்து ஓராசிரியர் பள்ளிகளுக்காகப் பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, பிள்ளை தன் வேகத்தில் ஏணிப்படி போல ஏறும் முறையை வகுத்தார்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003இல் அதைத் தழுவிச் செயல்வழிக் கற்றலைத் தொடங்கின. 2007இல் அது தமிழ்நாடு முழுவதற்கும் விரிந்தது. மும்பையில் தோன்றிய பிரதம் என்ற அமைப்பு, நாளில் சிறிது நேரம் பிள்ளைகளை வயதின்படி அல்லாமல் வாசிப்பு நிலையின்படி குழுவாக்கிக் கற்பித்தது. எழுத்து தெரியாதவர் ஒரு குழு, சொல் வாசிப்பவர் ஒரு குழு, பந்தி வாசிப்பவர் ஒரு குழு. 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் ஆராய்ந்த முறைகளுள் இதுவும் ஒன்று. பின்தங்கிய பிள்ளைக்கு அதன் நிலையிலிருந்து தொடங்கிக் கற்பித்தால் அது எழுந்து வரும் என்பது அவர்கள் கண்ட முடிவு. "உனக்கு எது தெரியுமோ அங்கேயிருந்து தொடங்குவோம்" என்பது எங்கள் மண்டபத்திலும் அடிக்கடி கேட்ட வார்த்தை.

வளைவா, வாசிப்பா?

2020இல் பெருந்தொற்று வந்து பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடம் கைபேசிக்குப் போனது. தோட்டத்தில் ஒரு வீட்டில் ஒரு கைபேசி இருந்தால் பெரிது. அதற்கும் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏற வேண்டும். பாடசாலை மீண்டும் திறந்தபோது மூன்றாம் தரத்திலும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் இப்போது மேல் வகுப்புகளில் இருக்கிறார்கள். சிலருக்கு வாசிப்பு இன்னமும் கைகூடவில்லை.

நூற்றாண்டு நிதியைக் கொண்டு வாசலில் ஒரு வளைவு கட்டலாம் என்ற பிரேரணை சங்கத்தின் முன் உள்ளது. வளைவு அழகானதுதான், எதிர்க்க எமக்கு மனமில்லை. ஆனாலும் இந்தக் கட்டுரையை எழுதியபின் வேறொரு பிரேரணையையும் வைக்காமல் இருக்க முடியவில்லை.

சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம், பழைய மண்டபத்தில் ஒரு வாசிப்பு வகுப்பு. க.பொ.த. சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாணவியர் அக்காமாராக வரட்டும். ஓர் அக்காவுக்கு மூன்று பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். பிள்ளைகளை வாசிப்பு நிலையின்படி குழுவாக்குவோம். மாதம் ஒருமுறை மீண்டும் பார்த்துக் குழு மாற்றுவோம். ஓய்வுபெற்ற ஆசிரியைகளான எங்களில் சிலர் முறைவைத்து வந்து, புதிய பாடத்தைத் தொடங்கிக் கொடுத்து, முடிவில் ஒவ்வொரு வாங்கிலும் கேட்போம்.

அக்காமாருக்குச் சங்கம் மாதக் கொடுப்பனவு வழங்க வேண்டும். பஸ் காசும் சாப்பாடும் தனி. அவர்களில் உயர்தரம் படிக்கப் போகிறவருக்கு, கணக்கோ ஆங்கிலமோ எது குறைகிறதோ அதை, அதே மண்டபத்தில் பிற்பகலில் நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். சின்னவள் வாசித்ததற்காகப் பெரியவள் தன் படிப்பை இழக்கும் நிலை இந்த முறை வரக் கூடாது. இந்த ஒரு நிபந்தனை இல்லாவிட்டால், வகுப்பைத் தொடங்காமல் இருப்பதே மேல் என்பது எமது கருத்து.

செலவு வளைவின் செலவைவிடக் கூடவா குறையவா என்று சிலர் கேட்பார்கள். வளைவு ஒருமுறைச் செலவு. இது ஆண்டுதோறும் வரும். ஆகவேதான் வெளிநாடுகளில் இருக்கும் சகோதரிகளிடம் ஒரு பெரிய தொகையைக் கேட்கவில்லை. ஓர் அக்காவின் ஓராண்டுக் கொடுப்பனவை ஒருவர் ஏற்றுக்கொண்டால் போதும்.

இரண்டு பிரேரணைகளும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வரும். வர முடியாதவர்கள் தம் கருத்தை எழுதியனுப்பலாம். எழுதும்போது, உங்களுக்கு வாசிக்கக் கற்றுத் தந்த அக்காவின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். எமது பாடசாலையின் ஆசிரியர் பட்டியல் ஏற்கனவே அச்சாகிவிட்டது. அக்காமாரின் பட்டியல் ஒன்றும் இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். அதை வாசிப்பு வகுப்பு நடக்கும் மண்டபத்தின் சுவரில் எழுதி வைப்போம். தம் பெயரைப் போட வேண்டாம் என்று கடிதம் எழுதியவர் சம்மதித்தால், முதலில் அவருடைய பெயர்.